ஊதினவன் பேரு எங்கய்யா?

கொஞ்சம் நீளமான பதிவு. கொஞ்சம் சூடாவும் இருக்கும். டீயோ காபியோ கையில எடுத்துக்கிட்டு உக்காருங்க மக்களே.

விஷயம் இதுதான். போன மாசம் நண்பர் ஒருத்தர் பழைய சினிமாப் பாட்டு ஒண்ணைப் பத்திப் பதிவு போட்டிருந்தார். நல்லாத்தான் எழுதியிருந்தார். ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி வர்ற ட்ரம்பெட் பிட்டுக்கு மட்டும் மூணு பத்தி. அந்த ட்ரம்பெட் அழுகிறது, சிரிக்கிறது, நம்மைக் கட்டிப்பிடிக்கிறது, ஆகவே இசையமைப்பாளர் மனுஷனே இல்லை தெய்வம் அப்படீங்கிற ரீதியில. படிச்சு முடிச்சதும் நான் ஒரே ஒரு வரி பின்னூட்டம் போட்டேன். "எல்லாம் சரிங்க, அந்த ட்ரம்பெட்டை ஊதினது யாரு?"

அவ்வளவுதான். என்னமோ நான் அந்த இசையமைப்பாளரோட சொத்தை எழுதிக் கேட்ட மாதிரி கும்மிட்டாங்க. அனானி திட்டுக்களைக் கழிச்சுட்டுப் பார்த்தா மூணு வாதம் மிஞ்சுச்சு.

1. பாட்டை உருவாக்கினது இசையமைப்பாளர். ஊதினவர் வெறும் கருவி. பேனாவுக்கு யாராவது நன்றி சொல்வாங்களா?

2. வாசிச்சவருக்குக் கூலி குடுத்தாச்சு. கணக்கு முடிஞ்சுது.

3. ட்ரம்பெட், ஜாஸ் எல்லாம் மேட்டுக்குடி சமாச்சாரம். தொப்பூர்ல உக்காந்துக்கிட்டு உனக்கு எதுக்கு இந்த சீன்?

மூணுக்கும் பதில் சொல்லத்தான் இந்தப் பதிவு. அதுக்கு முன்னாடி ஒரு மனுஷனோட கதையைச் சொல்லணும்.

அவர் பேரு அந்தோனியோ சேவியர் வாஸ். 1916இல் கோவாவில் அல்டோனாங்கிற ஊர்ல பிறந்தவர். அப்போ கோவா போர்ச்சுகீசியர் கையில. அங்கே கோயில் பள்ளிக்கூடத்துலயே பசங்களுக்கு மேற்கத்திய இசையை எழுத்தோட, அதாவது ஸ்டாஃப் நொட்டேஷனோட சொல்லிக் குடுத்துடுவாங்க. பூசைக்கு வயலின், ஊர்வலத்துக்கு ட்ரம்பெட். அதைக் கத்துக்கிட்ட பசங்க வயித்துப் பொழைப்புக்காக பம்பாய், கல்கத்தான்னு போய் ஹோட்டல்களிலும் கிளப்புகளிலும் வாசிச்சாங்க. ஊமைப்பட காலத்துல தியேட்டர்ல திரைக்குக் கீழே உக்காந்து வாசிச்சவங்களும் இவங்கதான்.

1935இல் பம்பாய் தாஜ் ஹோட்டலுக்கு லியோன் அபே அமெரிக்கக் கறுப்பர்களோட ஜாஸ் குழுவைக் கூட்டிக்கிட்டு வந்தார். அடுத்து கிரிக்கெட் ஸ்மித்னு ஒரு ட்ரம்பெட்காரர். அப்புறம் டெடி வெதர்ஃபோர்டுன்னு ஒரு பியானோக்காரர். இந்த வெதர்ஃபோர்டு கடைசிவரை ஊர் திரும்பவே இல்லை. 1945இல் கல்கத்தாவில் காலரா வந்து செத்துப்போனார். இவங்க வாசிக்கிறதைப் பக்கத்துல இருந்து கேட்டு, கூட உக்காந்து வாசிச்சு வளர்ந்தது ஒரு கோவா தலைமுறை. அதுல ஒருத்தர்தான் நம்ம வாஸ். லூயி ஆம்ஸ்ட்ராங்னா அவருக்கு உயிர். அதே கரகரப்பு, அதே பாணி. 'இந்தியாவின் லூயி ஆம்ஸ்ட்ராங்'னே பேரு வந்துடுச்சு. மேடைப் பேரு சிக் சாக்லேட். குழுவுக்கு மியூசிக் மேக்கர்ஸ்னு பேரு. தாஜில் வாசிச்சாங்க, 1940களில் 78 சுழற்சி இசைத்தட்டுகளும் போட்டாங்க.

அப்புறம் வெள்ளைக்காரன் போனான். கிளப்ல ஆடுற கூட்டமும் போச்சு. 1949இல் பம்பாய் மதுவிலக்குச் சட்டம் வந்துச்சு. கிளாஸ் காலியானா கிளப் காலி, கிளப் காலியானா பேண்டு காலி. இந்த மனுஷங்களுக்கு இருந்த ஒரே கதவு சினிமா ஸ்டூடியோ.

இங்கேதான் சி. ராம்சந்திரா வர்றார். நம்மாளுங்க நிறைய பேருக்குத் தெரியாத ஒரு விஷயம் சொல்றேன். இந்தியில் கொடி நாட்டின இந்த மராட்டியர் முதல்ல இசையமைச்சது தமிழ்ப் படங்களுக்கு. 1939இல் 'ஜெயக்கொடி', 1941இல் 'வனமோகினி'. வனமோகினியை இயக்கினது பகவான். அதே பகவான் 1951இல் தானே நடிச்சு இயக்கின 'அல்பேலா' இந்தியாவையே ஆட வெச்சுது. இசை அதே ராம்சந்திரா. 'ஷோலா ஜோ பட்கே' கேட்டிருப்பீங்க. அந்தப் படத்துப் பாட்டுல பளிச்சுனு ஒரு ட்ரம்பெட் துள்ளிக்கிட்டு ஓடும் பாருங்க, அது சிக் சாக்லேட்டோட உலகம். படத்துல அவரும் அவர் குழுவும் திரையிலயே வருவாங்க. அவர் ராம்சந்திராவுக்கு உதவியாளராவும் இருந்தார். அதே 1951இல் தேவ் ஆனந்த், மதுபாலா நடிச்ச 'நாதான்' படத்துக்குத் தனியாவே இசையமைச்சார். தலத் மெஹ்மூத் பாடின பாட்டு இன்னைக்கும் ஓடுது. பாடினது தலத்னு எல்லாருக்கும் தெரியும். இசை யாருன்னு பத்து பேரைக் கேளுங்க, என்ன பதில் வருதுன்னு பாருங்க.

1967இல் செத்துப்போனார். வயசு 51.

சரி, இப்போ முதல் வாதத்துக்கு வர்றேன். "ஊதினவர் வெறும் கருவி."

ட்ரம்பெட்டைக் கையில எடுத்துப் பார்த்திருக்கீங்களா? அதுல மூணே மூணு வால்வு. அழுத்தி, விட்டு, எப்படிச் சேர்த்தாலும் எட்டு விதத்துக்கு மேல வராது. ஆனா அதுல முப்பதுக்கு மேல சுரம் வாசிக்கணும். மிச்சத்தை எல்லாம் செய்யறது உதடு. ரெண்டு உதட்டையும் சேர்த்து அதிர வெச்சு, இறுக்கி, தளர்த்தி, ஒரே விரல் நிலையில் நாலஞ்சு சுரம் எடுக்கணும். ஹார்மோனியத்துல கட்டையை அழுத்தினா யார் அழுத்தினாலும் அதே சத்தம். ட்ரம்பெட்ல சத்தம் பித்தளையில இல்லை, ஊதறவனோட வாயில இருக்கு. அவன் பல் வரிசை, உதட்டுத் தடிமன், நெஞ்சுக்கூடு, அவன் பட்ட பாடு எல்லாம் சேர்ந்ததுதான் அந்தத் தொனி. பேனா உதாரணம் குடுத்த அண்ணாச்சி, பேனா தானா எழுதுமா? இங்கே எழுதற கையே அவர்தானே.

ஸ்டூடியோவுல என்ன நடக்கும்? இசையமைப்பாளர் ஆர்மோனியத்துல மெட்டைப் போடுவார். அது பல்லவியும் சரணமும். முன்னிசை, இடையிசை, எந்த இடத்துல எத்தனை வயலின், பாடகர் மூச்சு விடுற இடைவெளியில எந்தக் கருவி, இதையெல்லாம் தாள்ல எழுதித் தர்றவர் அரேஞ்சர். பம்பாயில் பல காலம் அது பெரும்பாலும் கோவாக்காரர்தான். செபாஸ்டியன் டிசூசா மாதிரி ஆளுங்க. சில இடத்துல தாளில் ஒண்ணுமே இருக்காது. "இங்க எட்டு பார், ஏதாவது பண்ணுங்க"ன்னு விட்டுடுவாங்க. அந்த எட்டு பாரைத்தான் நீங்க மூணு பத்தி எழுதிப் புகழ்றீங்க!

நான் இசையமைப்பாளரைத் திருடன்னு சொல்லலை. சொல்லவும் மாட்டேன். மெட்டு அவரோடது, யாரைக் கூப்பிடணும்னு தெரிஞ்ச அறிவும் அவரோடது. ஒரு படத்துக்கு ஒரு தலை வேணும், அதுவும் சரி. ஆனா தலை இருந்தா உடம்பு இல்லைன்னு ஆயிடுமா?

இன்னொரு உதாரணம். 'மை நேம் ஈஸ் ஆன்டனி கொன்சால்வஸ்', 1977இல் வந்த 'அமர் அக்பர் ஆன்டனி'. அமிதாப் முட்டைக்குள்ள இருந்து வெளிய வந்து ஆடுவார். இந்தியாவே சிரிச்சுது. ஆன்டனி கொன்சால்வஸ் நிஜ ஆளுங்க! கோவாவின் மஜோர்டாவில் பிறந்த வயலின் ஆசிரியர். இசையமைப்பாளர் பியாரேலாலுக்கு வயலின் சொல்லிக் குடுத்தவர். 1958இல் இந்திய ராகங்களையும் மேற்கத்திய ஆர்கெஸ்ட்ராவையும் சேர்த்துக் கச்சேரி பண்ணிக் காட்டினவர். குருவுக்கு மரியாதையா பியாரேலால் அந்தப் பேரைப் பாட்டுல வெச்சார். அந்த மனுஷன் 2012 வரைக்கும் உயிரோட இருந்தார். பேரு ஊரெல்லாம் தெரியும், ஆளை யாருக்கும் தெரியாது.

இதே காலத்துல அமெரிக்காவில என்ன நடந்துச்சுன்னு பாருங்க. 1950களில் அங்கே ஹார்ட் பாப்னு ஒரு ஜாஸ் வகை வந்துச்சு. (மைக்கேல் ஜாக்சன் பாப் வேற, இது வேற. குழப்பிக்காதீங்க :-)) வேகமான பீபாப்போட கறுப்பர் தேவாலயப் பாட்டையும் ப்ளூஸையும் பிசைஞ்சு செஞ்சது. ஆர்ட் பிளேக்கி, ஹொரேஸ் சில்வர், கிளிஃபர்டு பிரவுன், லீ மார்கன்னு பெரிய பட்டாளம். அந்த ரெக்கார்டுகளோட அட்டையைத் திருப்பினா ட்ரம்பெட் யாரு, டிரம்ஸ் யாரு, பாஸ் யாரு, பதிவு பண்ணின இன்ஜினியர் யாருன்னு வரிசையா அச்சடிச்சிருக்கும். அந்த ஊர்லயும் கறுப்பர்களுக்கு நியாயம் கிடைச்சிடலை, காசுல ஏமாத்தினது ஏராளம். ஆனா பேரை மட்டும் முழுங்கலை. அதனாலதான் லீ மார்கன் 1963இல் பதிவு பண்ணின 'தி சைடுவைண்டர்' ரெக்கார்டுல பாஸ் வாசிச்சது பாப் கிரான்ஷாங்கிறது, அறுபது வருஷம் கழிச்சு தொப்பூர்ல இருக்கிற எனக்குத் தெரியுது. பம்பாயிலயோ நம்ம கோடம்பாக்கத்துலயோ அதே வருஷம் அதே மாதிரி உயிரைக் குடுத்து வாசிச்சவங்க பேரு இசைத்தட்டுல இல்லை. படம் பேரு, இசையமைப்பாளர், பாடகர், அத்தோட சரி.

"அது மேற்கத்திய வழக்கம், நமக்கு அந்தப் பழக்கம் இல்லை"ன்னு ஒருத்தர் சொன்னார். யாருங்க சொன்னது பழக்கம் இல்லைன்னு? 1962இல் வந்த 'கொஞ்சும் சலங்கை'. ஜானகியம்மா குரலோட போட்டி போடுற நாதஸ்வரம் யாருது? ரோட்ல போற பெரியவரைக் கேளுங்க, காருகுறிச்சி அருணாசலம்னு சொல்வார். 1968இல் 'தில்லானா மோகனாம்பாள்'. சிவாஜி கையில நாதஸ்வரம், ஊதினது எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். இதுவும் ஊருக்கே தெரியும். ஆக, ஊதினவனை ஞாபகம் வெச்சுக்கிற பழக்கம் தமிழனுக்கு நல்லாவே இருக்கு. நாதஸ்வரத்துக்கு இருக்கு, ட்ரம்பெட்டுக்கு இல்லை. ஏன்னு யோசிங்க. நான் யோசிச்சதைக் கடைசியில சொல்றேன்.

ரெண்டாவது வாதம். "கூலி குடுத்தாச்சு, கணக்கு முடிஞ்சுது."

எங்க ஊரைப் பத்தித் தெரியாதவங்களுக்கு: தருமபுரியில இருந்து சேலம் போற தேசிய நெடுஞ்சாலையில கணவாய் இருக்கிற ஊர். ராத்திரியும் பகலும் லாரி. எங்க வீட்டுத் திண்ணையில உக்காந்தா மேடேற முக்குற லாரி எல்லாத்தையும் படிக்கலாம். ஆமா, படிக்கலாம். முதலாளி பேரு இருக்கும், அவர் பிள்ளைங்க பேரு இருக்கும், குலசாமி இருக்கும். ஓரத்துல பாருங்க, பாடி கட்டின பட்டறை பேரு இருக்கும். இன்னும் கீழே சின்ன எழுத்துல பெயிண்டர் பேரு இருக்கும். அந்தப் பெயிண்டருக்கு முதலாளி கூலி குடுக்கலையா? பட்டறைக்குப் பணம் செட்டில் ஆகலையா? எல்லாம் ஆச்சு. அப்புறமும் பேரு இருக்கு. ஏன்னா கூலி வேலைக்கு, பேரு வேலை செஞ்சவனுக்கு. லாரிக்காரனுக்குத் தெரிஞ்ச இந்த நாகரிகம் இசைத்தட்டு அச்சடிச்சவங்களுக்குத் தெரியலை.

சட்டம் என்ன சொல்லுதுன்னும் பார்த்தேன். 1957 பதிப்புரிமைச் சட்டத்துல, வாசிக்கிறவங்க, பாடுறவங்க, ஆடுறவங்களுக்குன்னு தனி உரிமை வந்ததே 1994 திருத்தத்துலதான். 'நான்தான் வாசிச்சேன்'னு பேரைக் கேட்டு வாங்குற உரிமை 2012 திருத்தத்துல வந்துச்சு. நல்ல விஷயம்தானேன்னு சந்தோஷப்படுறதுக்குள்ள அதே திருத்தத்துல ஒரு விதிவிலக்கு. சினிமாவில ஒருத்தரோட பங்கு தற்செயலானதாவோ துணையானதாவோ இருந்து, தொழில் வழக்கப்படி அவர் பேரை டைட்டில்ல உட்பட எங்கயும் போடுறதில்லைன்னா, அவர் சட்டப்படி 'நிகழ்த்துநர்' கணக்கிலயே வர மாட்டார்!

ஓரமா நடந்து போற துணை நடிகரை மனசுல வெச்சு எழுதியிருக்கலாம். ஆனா எட்டு பார் ட்ரம்பெட் துணையானதா இல்லையான்னு யாரு முடிவு பண்றது? இத்தனை வருஷமா பேரு போடலை, அதுதான் தொழில் வழக்கம், வழக்கம் அதுதாங்கிறதால இனியும் பேரு போட வேண்டியதில்லைன்னு ஒருத்தர் வாதாடினா? பசியோட உக்காந்திருக்கிறவன்கிட்ட "நேத்தும் உனக்குச் சோறு போடலையே, அதனால இன்னைக்கும் கிடையாது"ன்னு சொல்ற மாதிரி இல்ல இருக்கு? இதுல இன்னொரு கூத்து. அப்படிப்பட்டவருக்கும் ஒரே ஒரு உரிமையை விட்டு வெச்சிருக்காங்க. அவர் வாசிச்சதை யாராவது வெட்டிச் சிதைச்சு அவரோட நற்பெயருக்குக் களங்கம் வந்தா கேட்கலாமாம். பேரே இல்லாதவனுக்கு நற்பெயர்! எழுதினவங்க சிரிக்காம எழுதியிருக்காங்க.

மூணாவது வாதம்தான் என்னை ரொம்பக் கடுப்பேத்தினது. "ஜாஸ் மேட்டுக்குடி சமாச்சாரம், தொப்பூர்ல உனக்கு எதுக்கு?"

ஜாஸ் எங்கே பிறந்துச்சு? நியூ ஆர்லியன்ஸ்ல. யாருகிட்ட? அடிமைகளோட பேரன் பேத்திங்ககிட்ட. அங்கே சாவு ஊர்வலத்துல பித்தளை வாத்தியம் வாசிப்பாங்க. பொணத்தைக் கொண்டு போகும்போது மெதுவா, அழுகையா. அடக்கம் பண்ணிட்டுத் திரும்பும்போது குத்தாட்டம். லூயி ஆம்ஸ்ட்ராங் கார்னெட் பழகினது பெரிய கல்லூரியில இல்லை. 1913இல் பிடிச்சுப் போட்ட கறுப்புப் பசங்களுக்கான சீர்திருத்த விடுதியில. இதைப் போய் மேட்டுக்குடிங்கிறீங்க. சாவு வீட்டுல ட்ரம்பெட், திரும்பி வரும்போது ஆட்டம். எனக்கு இது எங்க ஊர் மாதிரிதான் தெரியுது. உங்களுக்கு?

எங்க ஊர்ல ஒரு பேண்டு செட்டு இருந்துச்சு. அதுல ட்ரம்பெட் ஊதினவர் எனக்குச் சித்தப்பா முறை. பேரைப் போட வேணாம்னு அவங்க வீட்டுல சொல்லிட்டாங்க. பேரைப் போடுங்கன்னு கத்துற பதிவுல பேரைப் போட முடியாத கொடுமையைப் பாருங்க! கல்யாணம், காதுகுத்து, சாவு, மாரியம்மன் பண்டிகை எல்லாத்துக்கும் அவர்தான். நொட்டேஷன் தெரியாது. டேப்பைக் கேட்டுக் கேட்டுப் பிடிப்பார். 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' போட்டி நடனப் பாட்டை எடுத்தார்னா பந்தியில சாப்பிடுறவன் எழுந்து வருவான். அந்த 1958 படத்துக்கும் இசை அதே சி. ராம்சந்திராதான். ஆம்ஸ்ட்ராங்கோட இசைத்தட்டுல இருந்து சிக் சாக்லேட், சிக் சாக்லேட் பக்கத்துல ராம்சந்திரா, ராம்சந்திராகிட்ட இருந்து எங்க சித்தப்பா. நியூ ஆர்லியன்ஸ் சாவு ஊர்வலம் உலகம் பூரா சுத்திட்டுத் தொப்பூர் சாவு ஊர்வலத்துக்கு வந்து சேர்ந்திருக்கு. இதுல மேட்டுக்குடி எங்க ஐயா வந்துச்சு?

அந்தச் சித்தப்பாவை ஊரு எப்படி நடத்துச்சுன்னும் சொல்லிடறேன். கல்யாணப் பத்திரிகையில நாதஸ்வர வித்வான் பேரு ஊரோட இருக்கும். பேண்டு செட்டுக்கு செட்டுப் பேரு மட்டும், சில சமயம் அதுவும் இல்லை. நாதஸ்வரக்காரருக்கு மேடை, இவருக்கு ரோடு. சாப்பாடு கடைசிப் பந்தி, அதுவும் சில வீட்டுல கொல்லைப்பக்கம். சாவுக்கு ஊதுற வாய்ங்கிற எண்ணம்தான், வேறென்ன? நாதஸ்வரத்துக்குக் கிடைச்ச பேரு ட்ரம்பெட்டுக்கு ஏன் கிடைக்கலைன்னு மேல கேட்டேனில்ல, எங்க ஊரு அளவுல பதில் இதுதான். வாத்தியத்துக்கும் சாதி பார்ப்போம் நாம. காருகுறிச்சியாரையே அந்தக் காலத்துல எங்கே உட்கார வெச்சாங்க, எங்கே நிற்க வெச்சாங்கங்கிறது தனிப் பதிவுக்கான விஷயம். ஆனா பேராவது மிஞ்சுச்சு.

ஒரு முகூர்த்த நாள், சேலம் பக்கம் வாசிச்சுட்டு விடியக்காலையில திரும்பி வர்றப்போ கணவாய்க்குக் கிட்ட அவங்க வந்த வேன் கவிழ்ந்துடுச்சு. யாரும் சாகலை. சித்தப்பாவுக்கு மேல் முன்பல்லு மூணு போயிடுச்சு, உதடு கிழிஞ்சு தையல். "பல்லுதானேப்பா, கட்டிக்கலாம்"னு எல்லாரும் சொன்னாங்க. அவர் ஒண்ணும் பேசலை. ட்ரம்பெட்காரனுக்கு முன்பல்லு போறது, தவில்காரனுக்குக் கை போற மாதிரி. கட்டுப்பல்லை வெச்சு ஊதிப் பார்த்தார். காத்துதான் வந்துச்சு. மறுநாள் பேப்பர்ல 'வேன் கவிழ்ந்து 6 பேர் காயம்'னு நாலு வரி. பேரு இல்லை.

நான் ஹார்ட் பாப் கேட்க ஆரம்பிச்சதே அதுக்கப்புறம்தான். கிளிஃபர்டு பிரவுன்னு சொன்னேனில்ல, அவரும் 1950இல் கார் விபத்துல அடிபட்டு ஏறக்குறைய ஒரு வருஷம் ஆஸ்பத்திரியில கிடந்தவர். எழுந்து வந்து மறுபடி ஊதினார். அதைப் படிச்சுட்டு சித்தப்பாகிட்ட ஓடிப்போய்ச் சொன்னேன். "அந்தாளுக்குப் பல்லு இருந்துச்சாடா?"ன்னு கேட்டார். எனக்குப் பதில் வரலை.

அதே பிரவுன் 1956 ஜூன் 26, மழை ராத்திரியில பென்சில்வேனியா நெடுஞ்சாலையில இன்னொரு விபத்துல போய்ச் சேர்ந்தார். கூட வந்த பியானோக்காரர் ரிச்சி பாவலும், வண்டியை ஓட்டின அவர் மனைவியும் போயிட்டாங்க. பிரவுனுக்கு வயசு 25. பென்னி கோல்சன்ங்கிற நண்பர் அவர் ஞாபகமா ஒரு மெட்டு செஞ்சார். 1957இல் அதை வாசிச்சுப் பதிவு பண்ணினவங்கள்ல ஒருத்தர் லீ மார்கன், அப்போ வயசு 18. சின்னப் பையனா பிரவுன்கிட்ட சில பாடம் கேட்டவர். இன்னைக்கும் எங்கயோ ஒரு ட்ரம்பெட்காரன் அதை வாசிச்சுக்கிட்டிருப்பான். மெட்டோட தலைப்பிலயே கிளிஃபர்டுங்கிற பேரு இருக்கு. யாராலும் அழிக்க முடியாது.

எங்க சித்தப்பா வாசிச்சது ஏதாவது மிச்சம் இருக்கான்னு தேடினேன். எத்தனை கல்யாணம், எத்தனை வீடியோ! ஊர்ல அஞ்சாறு வீட்டுல பழைய கேசட்டு வாங்கிப் போட்டுப் பார்த்தேன். என் அக்கா கல்யாணம் உட்பட. சித்தப்பா தெரியறார். கன்னம் உப்பியிருக்கு, கண்ணை மூடியிருக்கார், விரலு வால்வுல ஓடுது. சத்தம்? எடிட் பண்ணினவர் அதை எடுத்துட்டு மேல ஒரு சினிமாப் பாட்டைப் போட்டிருக்கார். எல்லா கேசட்டுலயும் அப்படித்தான். அந்தப் பாட்டுலயும் ஒரு ட்ரம்பெட் வருது. அதை ஊதினவன் பேரும் இல்லை. பேரில்லாத ஒருத்தன் சத்தத்தை வெச்சுப் பேரில்லாத இன்னொருத்தன் சத்தத்தை மூடியிருக்காங்க. அன்னைக்கு டிவியை அணைச்சுட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன்.

சித்தப்பா போய்ச் சேர்ந்து ரெண்டு வருஷம் ஆச்சு. அவர் சாவுக்கு ஊத பக்கத்து ஊர்ல இருந்து ஆள் வந்தாங்க.

இப்போ சொல்லுங்க, "ஊதினது யாரு"ன்னு நான் கேட்டது தப்பா?

செய்யறவங்க செஞ்சுக்கிட்டுத்தான் இருக்காங்க. கிரெகரி பூத் பம்பாய் ஸ்டூடியோ வாத்தியக்காரங்களைத் தேடித் தேடிப் பேசி 2008இல் ஒரு புத்தகம் போட்டார். நரேஷ் ஃபெர்னாண்டஸ் 2012இல் 'தாஜ் மஹால் ஃபாக்ஸ்ட்ராட்'னு பம்பாய் ஜாஸ்காரங்க கதையை எழுதினார். சிக் சாக்லேட்டை நம்ம மாதிரி ஆளுங்களுக்குக் காட்டிக் குடுத்ததே இவங்கதான். நம்ம பக்கம் ஏ.ஆர். ரஹ்மான் கேசட்டு அட்டையிலயும் சிடி அட்டையிலயும் வாசிச்சவங்க பேரைப் போட்டார். நான் ஸ்கூல்ல படிக்கும்போது அந்தப் பொடி எழுத்தைப் படிச்சுத்தான் பாட்டுக்குள்ள இத்தனை மனுஷங்க இருக்காங்கன்னே தெரிஞ்சுக்கிட்டேன். இப்போ அட்டையே இல்லை. போன்ல பாட்டுக் கேட்டா பெரும்பாலும் படம், பாடகர், இசையமைப்பாளர். மறுபடி ஆரம்பிச்ச இடத்துக்கே வந்துட்டோம்.

பதிவர்களுக்கு என் கோரிக்கை ரொம்பச் சின்னது. உண்ணாவிரதம் எல்லாம் வேணாம்.

ஒரு பாட்டைப் பத்தி எழுதும்போது அதுல உங்களை அழ வெச்ச வாத்தியத்தை வாசிச்சது யாருன்னு ஒரு தடவை தேடுங்க. பழைய வாத்தியக்காரங்க சென்னையில இன்னும் இருக்காங்க, அவங்க பிள்ளைங்க இருக்காங்க. போய்க் கேளுங்க. கிடைச்சா பேரைப் போடுங்க. கிடைக்கலைன்னா அந்த இடத்தை இசையமைப்பாளர் பேரால நிரப்பாதீங்க. "ட்ரம்பெட்: பேரு போடப்படவில்லை"ன்னு ஒரு வரி எழுதுங்க. காலியான இடம் காலியா தெரியட்டும். தெரிஞ்சாத்தான் யாராவது ஒருத்தருக்கு அதை நிரப்பணும்னு தோணும்.

உங்க வீட்டுல அடுத்த கல்யாணத்துக்கு பேண்டு வெச்சா, வீடியோ எடுக்கிற தம்பிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. "சத்தத்தை எடுத்துடாதீங்க தம்பி."

டிஸ்கி 1: பின்னூட்டத்துல "அப்போ தபேலா வாசிச்சவர் பேரு வேணாமா"ன்னு கேக்கப் போறவங்களுக்கு: வேணும். அதைத்தானே இவ்வளவு நேரம் கத்திக்கிட்டிருக்கேன்!

டிஸ்கி 2: இது எந்த இசையமைப்பாளருக்கும் எதிரான பதிவு இல்லை. ரசிகர் மன்றத்துக்காரங்க ஆட்டோ அனுப்ப வேணாம். கணவாயில ட்ராஃபிக் ஜாஸ்தி, வந்து சேர லேட் ஆகும் :-)